நாம என்று சொன்னவர்

திரையில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். ஆற்றில் தண்ணீர் குறைவாக வரும்போது எந்த மதகை எவ்வளவு திறக்க வேண்டும், மேலே உள்ளவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் கடைமடையில் எப்படி நாற்று நட முடியும், அப்படிப் பொறுப்பது மேலே உள்ளவர்களுக்கே எந்த வகையில் நல்லது என்று ஒரு கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். சண்டை போடுவதற்கென்றே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்திருந்த விவசாயிகள் ஒவ்வொருவராக நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பிரம்மநாயகம் மரியாதைக்காகத் தலையாட்டியபடியே பார்த்தார்.

"புரியுதா சார்?" என்று கேட்டார் டாக்டர் செய்யது மீரான்.

"நல்லா பேசுதாவ."

"யாரு?"

"அந்த சார்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த சார் அவரேதான். அதே வழுக்கை, அதே மூக்கு, இன்றைக்குப் போட்டிருக்கிற அதே கட்டம் போட்ட சட்டை. போன தை மாதம் எடுத்த படம். ஆனால் அந்த வாயிலிருந்து வந்ததில் வணக்கம் ஒன்றுதான் அவருக்குப் பிடிபட்டது. ஒருகாலத்தில் இதெல்லாம் புரிந்தது என்பது நன்றாக ஞாபகம் இருந்தது. என்ன புரிந்தது என்பதுதான் ஞாபகம் இல்லை.

நடந்த கதை பாளையங்கோட்டையில் எல்லாருக்கும் தெரியும். தண்ணீர்த் தகராறு அரிவாள் வரைக்கும் போன ஒரு வருஷத்தில், பாசனப் பிரிவுப் பொறியாளர்கள் சிலருக்கு மூளையில் ஒரு கருவி வைத்து அறிவைக் கூட்டிப் பார்ப்பது என்று முடிவானது. அந்தக் கருவிக்கு மூச்சு வாங்குகிற நீளத்தில் ஒரு பெயர் உண்டு. ஊர் அதைச் சில்லு என்றது. "தேங்காச் சில்லா, கருப்பட்டிச் சில்லா?" என்று கேட்டாள் பிரம்மநாயகத்தின் மனைவி செண்பகவல்லி. உங்களை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று யாராவது கேட்டால், "மத்தவனெல்லாம் அன்னைக்கி லீவு" என்பார் பிரம்மநாயகம். அப்போது அவர் அப்படித்தான் பேசுவார். டீக்கடையில் அவர் வாயைக் கேட்பதற்கென்றே நாலு பேர் காத்திருப்பார்கள்.

சில்லு உள்ளே போன பிறகு டீக்கடைக்குப் போவது நின்றுவிட்டது. வேலை என்னவோ பிரமாதமாக நடந்தது. இரண்டு வருஷம் கடைமடை வரைக்கும் தண்ணீர் போனது, ஒருவர் மண்டையும் உடையவில்லை. பிறகு சில்லு இருந்த இடத்தில் கிருமி தொற்றிக் காய்ச்சல் வந்தது, ஜன்னி கண்டது, சில்லை எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் ஆகப்போகிறது.

"நேராவே சொல்றேன் சார்," என்றார் டாக்டர். "சில்லு இருந்த இடம் மூடிக்கிட்டு வருது. இந்த வாரத்துக்குள்ள திரும்ப வச்சா வைக்கலாம். அதுக்கு மேல போனா உங்க மூளை ஏத்துக்காது."

"வச்சா, அந்த சார் மாதிரி ஆயிருவேனா?"

"அதே ஆளாவே ஆயிருவீங்க. பழைய நினைவெல்லாம் உள்ளதான் இருக்கு, கோத்துப் பாக்கத்தான் முடியல. இந்த ரெண்டு மாசம் மட்டும் நிக்காது. விடிஞ்சதும் கனவு கலையுற மாதிரி கலைஞ்சிரும்."

பிரம்மநாயகம் யோசித்தார். அதாவது, யோசிக்கிறவர் போல் நெற்றியைச் சுருக்கினார். "எடுக்கச் சொன்னதே அந்த சார்தான டாக்டர்? என்னையவிட வெவரமானவிய. ஒரு காரணம் இல்லாமயா சொல்லிருப்பாவ?"

"நீங்க அப்பப் பேசுற நிலைமையில இல்ல. மருந்துலயே சரியாயிரும், நாள் பிடிக்கும்னுதான் உங்க வீட்டம்மாகிட்ட நான் சொன்னேன். அவங்கதான், எடுத்துருங்க, காலையிலயே அவர் சொல்லிட்டார்னு சொன்னாங்க. அந்தக் காரணம் என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"வீட்ல சொல்லுவா," என்றார் பிரம்மநாயகம். அவருக்கு மிகவும் பிடித்த கதை அது.

வீட்டுக்கு வந்ததும் அதைத்தான் கேட்டார். செண்பகவல்லி அடுக்களை வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அன்னைக்கி அந்த சார் என்ன சொன்னாவ, சொல்லு."

"எத்தன தடவ சொல்ல?"

"இன்னொரு தடவ சொல்லு."

"'அதை நாம எடுத்துருவோம். அது இருக்கற வரைக்கும் எதுவும் போய்ச் சேராது'ன்னிய," என்றாள் வெங்காயத்தைப் பார்த்தபடி.

அதில் அவருக்கு இனித்தது 'நாம' என்கிற சொல். சில்லு வைத்த நாளிலிருந்து அவர் வாயில் வந்ததெல்லாம் 'நாங்க'தான். நாங்க பேசிக்கிட்டோம், நாங்க முடிவு பண்ணிருக்கோம், நாங்க அப்படிப் பாக்கிறதில்லை. சில்லு வைத்தவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு நாங்க. குற்றாலத்துக்குப் போவோமா என்று ஒரு நாள் செண்பகவல்லி கேட்டதற்குக்கூட, "நாங்க யோசிச்சுச் சொல்லுதோம்" என்றிருக்கிறார். எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற என்னை வெளியே தள்ளிவிட்டு அது எந்த நாங்க என்று அவள் கேட்டாள். "வெளிய தள்ளலை, செண்பகவல்லி. உனக்கு எட்டாது, அவ்வளவுதான்" என்று பொறுமையாக விளக்கம் சொன்னார். முன்பெல்லாம் ஏட்டி என்று கூப்பிட்ட மனுஷன் முழுப் பெயரைச் சொன்னதில்தான் அவள் அன்றைக்கு அதிகம் அழுதாள். இதையெல்லாம் அவளே அவருக்குச் சொல்லியிருந்தாள்.

அப்பேர்ப்பட்டவர் கடைசியில் 'நாம' என்று சொல்லியிருக்கிறார். சில்லு இருக்கிற வரைக்கும் பெண்டாட்டிக்கு எதுவும் போய்ச் சேராது என்று கண்டுபிடித்து, எடுத்துவிடுவோம் என்று சொல்லியிருக்கிறார். பிரம்மநாயகம் அதை நினைத்து நினைத்துப் பெருமைப்பட்டார். இழந்ததை எண்ணித் துக்கம் வரும்போதெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொள்வார். செண்பகவல்லி ஒவ்வொரு தடவையும் ஒரு எழுத்துகூட மாறாமல் அதையே சொன்னாள். புத்தியுள்ளவராக இருந்தால் அதிலேயே சந்தேகம் வந்திருக்கும்.

அவருக்கு வந்த குழப்பம் வேறு. படத்தில் பேசிய அந்த சாரையும் இந்த வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒட்டவில்லை. அந்த சார் கண்ணில் ஆற்றுத் தண்ணீரைத் தவிர எதுவும் பட்டதாகத் தெரியவில்லை. டாக்டர் மறுபடி கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்று, மறுநாள் காலையில் பியூலாவைப் பார்க்கக் கிளம்பினார். பியூலா அவரோடு சில்லு வைத்துக்கொண்டவள். அவளுக்கு அது இன்னும் உள்ளே இருக்கிறது.

அலுவலகத்தில் அவள் எழுந்து நின்று வரவேற்றாள். மேசை மேல் ஓடிக்கொண்டிருந்த கணக்குகளை அவர் கண்ணில் படாமல் சட்டென்று அணைத்தாள். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, காது கேளாதவரிடம் பேசுவதுபோல் பேசினாள். நல்ல மனசோடுதான் செய்தாள், அவருக்குத்தான் கூச்சமாக இருந்தது.

"எனக்குக் காய்ச்சல் வந்த அன்னைக்கி நான் உங்ககிட்ட பேசினேனா?" என்று கேட்டார்.

"காலையில ரொம்ப நேரம் போன்ல பேசினீங்க சார்."

"சில்லை எடுக்கதப் பத்தி ஏதாவது சொன்னேனா?"

"இல்லையே. நீங்க ஏன் அதை எடுக்கச் சொல்லப் போறீங்க? அன்னைக்குப் பூரா மேலக்கால் மதகு பத்தித்தான் பேச்சு."

"இல்ல, நாம எடுத்துருவோம்னு சொன்னேனாம்."

பியூலாவுக்கு எதுவும் மறக்காது. ஒருவர் எப்போதோ சொன்னதை அவர் இழுத்த மூச்சோடு திருப்பிச் சொல்வாள். "ஆமா, சொன்னீங்க. 'அதை நாம எடுத்துருவோம், பியூலா. அது இருக்கற வரைக்கும் எதுவும் போய்ச் சேராது.' மதகுக்கு அடியில பழைய மரப்பலகை ஒண்ணு சிக்கிக் கெடந்துச்சு. கடைமடைக்குத் தண்ணி போகாம அதுதான் தடுத்துச்சு. நாங்க மறுநாளே எடுத்துட்டோம். ஏன் சார் கேக்குறீங்க?"

"சும்மாதான்," என்றார் பிரம்மநாயகம்.

பியூலா அவர் முகத்தைப் பார்த்தாள். ஒரு விநாடிதான். அவள் முகம் மாறிவிட்டது. "இதை நான் சொல்லியிருக்கக் கூடாது," என்றாள்.

"எதை?"

"ஒண்ணுமில்ல சார். பாத்துப் போங்க. வெயிலா இருக்கு."

எதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸில் ஏறினார். தான் பேசியது பலகையைப் பற்றி. செண்பகவல்லி சொன்னது சில்லைப் பற்றி. ஒருவேளை இரண்டு தடவை பேசியிருக்கலாம், காலையில் பலகைக்கு ஒரு தடவை, அப்புறம் சில்லுக்கு ஒரு தடவை. அந்த சார் ஒரே வாக்கியத்தை இரண்டு இடத்தில் பயன்படுத்தக்கூடிய ஆள்தானா? கண்டக்டர் டிக்கெட் கேட்டதும் யோசனை அறுந்துபோய், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. முருகன்குறிச்சி தாண்டும்போது இரண்டு வாக்கியங்களையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். சொல்லுக்குச் சொல் ஒத்துப்போனது. செண்பகவல்லி சொன்னதில் ஒரே ஒரு சொல்தான் குறைந்தது. பியூலா என்கிற பெயர்.

செண்பகவல்லி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்து நின்றார்.

"ஏட்டி, அன்னைக்கி சொன்னதுல பியூலான்னு ஒரு பேரு இருந்துச்சாமே."

அவள் கை நின்றது. "இருந்துச்சு," என்றாள்.

"நீ சொல்லும்போது இல்லையே."

"நான்தான் எடுத்துட்டேன்."

பொய் சொல்லுவாள் என்றே அவர் எதிர்பார்த்திருந்தார். சொல்லியிருந்தால் நம்பியிருப்பார், வீட்டில் எல்லாம் பழையபடி இருந்திருக்கும். அவள் மடித்த துணியை மறுபடி உதறி மடித்தாள்.

"ரெண்டு வருசமா உங்க வாயில நாமங்கிற சொல்லே வரல. அன்னைக்கித்தான் வந்துச்சு. நான் அடுக்களைல நின்னு கேக்கேன், எனக்குன்னு நெனச்சுத் திரும்பிப் பாக்கேன், நீங்க செவத்தப் பாத்துக்கிட்டு அவகிட்ட போன்ல சொல்லிட்டிருக்கிய. சாயங்காலமே காய்ச்சல்ல நெனவில்லாம கெடந்திய. மருந்துலயே குணமாவும்னுதான் டாக்டர் சொன்னாவ. சொல்லிட்டு, இவர் ஏதாவது விருப்பம் சொல்லிருக்காரான்னு கேட்டாவ. எடுத்துருவோம்னு சொன்னாவன்னு சொல்லிட்டேன். சொன்ன சொல்லு பொய்யில்ல. யாருகிட்ட, எதைங்கிறத மட்டும் சொல்லல."

"எதுக்குட்டி அப்படிச் செஞ்ச?"

"பழைய ஆளு வருவாவன்னு நெனச்சேன். டீக்கடைல வாயடிச்சுட்டு, பொழுதுசாய வந்து எங்கிட்ட ஏச்சு வாங்குத ஆளு." அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அவிய வரல. நீங்க வந்திருக்கிய."

அவள் குறையாகச் சொல்லவில்லை. இருந்தாலும் பிரம்மநாயகத்துக்கு வலித்தது. தனக்கு இப்போது கோபம் வர வேண்டும் என்று தெரிந்தது. வரட்டும் என்று கொஞ்ச நேரம் காத்துக்கொண்டு நின்றார். வரவில்லை. இவள் அழுதுவிடுவாளோ என்கிற பயம்தான் வந்தது.

"சரி, விடுட்டி. போனது போவட்டும். நான் ஒண்ணும் நெனைக்கல," என்றார்.

"நீங்க நெனைக்க மாட்டிய. ஆனா உங்களுக்கு நான் என்ன செஞ்சேன்? நீங்க அப்ப இல்லவே இல்லையே. செஞ்சது அவியளுக்கு."

"எவியளுக்கு?"

"அந்த சாருக்கு. நீங்கதான அப்படிச் சொல்லுவிய. மதகு, தண்ணி, கூட்டம்னு அலைஞ்சாவளே, அவியளுக்கு. அவிய மண்டைல இருந்தத அவியளக் கேக்காம எடுத்துப் போட்டுட்டேன். அவிய இல்லாத நேரம் பாத்து வேற ஒருத்தர்கிட்ட மன்னிப்பு வாங்கிக்கிட்டா அது எந்த ஊரு நியாயம்?"

பிரம்மநாயகம் உட்கார்ந்துவிட்டார். மண்டைக்குள் எல்லாம் கலங்கிப்போயிருந்தது. மூக்கு ஒன்று, வழுக்கை ஒன்று, தாலி கட்டிய கை இந்தக் கை. "அப்பம் நான் யாருட்டி?" என்று கேட்டார்.

"தெரியலையே," என்றாள் செண்பகவல்லி. இப்போதுதான் அழுதாள்.

அவள் அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகு அவர் ஒரு யோசனை சொன்னார். "நான் வேணும்னா திரும்ப வச்சுக்கிடுதேன். இந்த ரெண்டு மாசம் அவியளுக்கு ஞாபகம் இருக்காதுன்னு டாக்டர் சொல்லுதாவ. நீ அவியகிட்ட ஒண்ணும் சொல்லாத. கிருமியால எடுத்தாவ, அவ்வளவுதான்."

"சொல்லத்தான் செய்வேன்."

"உன்னைய வீட்டை விட்டுப் போன்னு சொல்லிட்டாவன்னா?"

"போவேன்," என்றாள். "ஆனா வச்சுக்கிடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு தடவ உங்க வாய்க்குப் பதிலா நான் பேசினது போதும். இது நீங்களே முடிவு செய்யணும்."

இதுதான் அவருக்குப் பெரிய தலைவேதனையாகப் போயிற்று. இதுவரைக்கும் தன்னைவிட விவரமான ஒருவர் தனக்காக முடிவு செய்துவைத்திருக்கிறார் என்று நிம்மதியாக இருந்தார். அந்த முடிவே இல்லை என்று ஆகிவிட்டது. இனி இந்த அரைகுறைப் புத்தியை வைத்துக்கொண்டு தானே யோசிக்க வேண்டும். யோசித்தார். ஒரு பக்கத்தை யோசித்து முடிப்பதற்குள் மறுபக்கம் மறந்துபோனது. வைத்துக்கொண்டால் கடைமடைக்கு நல்லது. வைத்துக்கொண்டால் அந்த சார் வந்துவிடுவார், செண்பகவல்லியை என்ன செய்வாரோ தெரியாது. வைத்துக்கொள்ளாவிட்டால் நான் இருக்கலாம். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நின்றுவிடுவார். இந்த இரண்டு மாதம் அவருக்குப் பிடித்திருந்தது. மெதுவாக நடப்பதும், சொன்னதையே திரும்பக் கேட்பதும், வெங்காயம் உரிக்கிறவள் எதிரில் உட்கார்ந்திருப்பதும் பிடித்திருந்தது. இருக்க வேண்டும் என்று ஆசையாகத்தான் இருந்தது.

செண்பகவல்லி அந்த நாட்களில் அவரை நன்றாகக் கவனித்தாள். கேட்பதற்கு முன்பே காப்பி வந்தது. சட்டை தேய்த்துத் தயாராக இருந்தது. தண்ணீர் சிந்தினால்கூட ஏசவில்லை, பரவாயில்லை என்று தானே துடைத்தாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் நடந்துகொள்வதுபோல் நடந்துகொண்டாள். வாசலில் சத்தம் கேட்டால் மட்டும் வேறு யாரோ வருவதாக நினைத்துச் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அது ஒன்று பிரம்மநாயகத்துக்கு நன்றாகவே புரிந்தது. புரிவதற்குச் சில்லு எதுவும் தேவைப்படவில்லை.

வாரக் கடைசியில் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் மீரான் செண்பகவல்லியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவரிடம் தனியாகக் கேட்டார். "சில்லைத் திரும்ப வச்சுக்கிறது யாரோட முடிவு சார்?"

"என்னோடதுதான்."

"அவங்க ஒண்ணும் சொல்லலையா?"

"வச்சுக்கிடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல."

"அப்பக் காரணம்?"

"அவ ஒருத்தரப் பாத்துப் பேச வேண்டியிருக்கு," என்றார் பிரம்மநாயகம். "நான் இருந்தா அவியளால வர முடியாதுல்லா."

பச்சை அங்கி போட்டுத் தள்ளுவண்டியில் படுக்க வைத்தார்கள். தலையில் பழைய தழும்பைச் சுற்றி மருந்து தடவியிருந்தது. நடைவழியில் வண்டி போகும்போது செண்பகவல்லி கூடவே நடந்து வந்தாள். வண்டிக் கம்பியை விடாமல் பிடித்திருந்தாள். அந்த சார் இவளை என்ன சொல்லப் போகிறாரோ என்று அவர் நினைத்தார். அப்போது பக்கத்தில் இருந்து சமாதானம் சொல்லத் தான் இருக்கப்போவதில்லை என்பதும் உறைத்தது.

கதவுக்கு வெளியே வண்டியை நிறுத்தினார்கள். இதற்கு மேல் அவள் வரக்கூடாது.

"அவிய கண்ணு முழிச்சதும் எல்லாத்தையும் சொல்லிருவியா?" என்று கேட்டார்.

"சொல்லிருவேன்."

"சொல்லும்போது, நான் கோவிச்சுக்கிடலைங்கதையும் ஒரு வார்த்தை சொல்லு. கேப்பாவளோ என்னமோ. இருந்தாலும் சொல்லு."